முதலில் கைப்பை, பிறகு பெட்டி

மகளின் பிரசவத்துக்கு, மகன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு, பேரனைப் பார்த்துக்கொள்ள என்று சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் கிளம்பும் பெற்றோருக்கு டிக்கெட் தேடியவர்களுக்குத் தெரியும். விலை கொஞ்சம் இறங்கியிருக்கும் டிக்கெட்டில் நடுவே ஓர் இரவு உட்கார்ந்திருக்கும். ராத்திரி பத்து மணிக்கு தோஹாவில் இறங்கினால் அடுத்த விமானம் காலை எட்டுக்கு. நம் உடம்புக்கு அப்போது மணி பன்னிரண்டரை. பெரிய பெட்டிகள் எங்கோ கன்வேயர் பெல்ட்டில் போய்க்கொண்டிருக்கும். கையில் இருப்பது 7 கிலோ பை ஒன்றுதான். அந்த இரவுக்கு வீடு, அலமாரி, சமையலறை, மருந்துப்பெட்டி எல்லாமே அதுதான்.

அந்தப் பையை எப்படிக் கட்டுவது என்று விரிவாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த வழியில் அடிக்கடி போய்வருகிறேன். சொந்தத்தில் யார் கிளம்பினாலும் பெட்டி கட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். இளவயதுக்காரர்களுக்கும் இது பயன்படும் என்றாலும், முக்கியமாக முதல் தடவை தனியாகப் போகிற அம்மா அப்பாக்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

கைப்பையைக் கடைசியில் கட்டும் வழக்கம்

நம் வீடுகளில் பெட்டி கட்டும் முறை எனக்கு மனப்பாடம். கட்டில் மேல் இரண்டு பெரிய பெட்டிகளைத் திறந்து வைப்போம். ஒவ்வொன்றுக்கும் 23 கிலோ. கொக்கி வைத்த தராசில் தூக்கிப் பார்த்தால் இருபத்தைந்து காட்டும். இரண்டு கிலோவை எடுக்க வேண்டும். எடுத்தது எங்கே போகும்? கைப்பைக்குள்.

போன தடவை அத்தை கிளம்பும்போதும் இதுதான் நடந்தது.

"இந்த சாம்பார்ப் பொடிய அதுல வெச்சிடுடீ. கைப்பையெல்லாம் யாரு எடை போடப் போறா."

"போடுவாங்க அத்தை. போடலைன்னாலும் ராத்திரி முழுக்க அதத் தூக்கிட்டு நீங்கதான் நடக்கணும்."

பெரிய பெட்டியில் இடம் கிடைக்காததை எல்லாம் திணிக்கிற பையாகக் கைப்பை ஆகிவிட்டால், ராத்திரிக்கு வேண்டிய எதற்கும் அதில் இடம் இருக்காது. தோஹாவின் ஓய்வறை ஒன்றில் நம் ஊர் அம்மா ஒருவரைப் பார்த்தேன். கம்பளத்தில் உட்கார்ந்து பையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். வடகம் ஒரு பொட்டலம், பருப்புப் பொடி இரண்டு, வெள்ளிக் கிண்ணம் வைத்த டப்பா, குழந்தைக்குத் தைத்த பழந்துணி விரிப்புகள். அவர் தேடியது ராத்திரி போட வேண்டிய பிரஷர் மாத்திரை. அது பெரிய பெட்டிக்குள் போய்விட்டது. "பிள்ளைங்கதாம்மா கட்டிக் குடுத்தாங்க" என்று மட்டும் சொன்னார். அங்கிருந்த ஊழியரிடம் சொல்லி, விமான நிலைய மருத்துவ உதவிக்கு அழைத்துப் போனார்கள். பேரப்பிள்ளைக்காக அவ்வளவும் சுமந்து வந்தவருக்குத் தனக்கென்று ஒரு மாத்திரை அட்டை கையில் இல்லை. அது என் மனத்தை விட்டுப் போகவே இல்லை.

அதனால் நான் சொல்லும் முதல் விஷயம் வரிசை. கைப்பையை முதலில் கட்டுங்கள். ஜிப்பை மூடி, எடை பார்த்து, ஓரமாக வைத்துவிடுங்கள். பிறகுதான் பெரிய பெட்டிகளைத் திறக்க வேண்டும். அதில் இடம் போதவில்லையென்றால் ஏதாவது ஒன்று ஊரிலேயே இருக்கட்டும்.

கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பெரிய பெட்டி கடைசி ஊர் வரை நேராகப் போகிறதா? ஒரே பி.என்.ஆரில் எடுத்த டிக்கெட் என்றால் பெரும்பாலும் போகும். சென்னை கவுன்டரில் பெட்டிக்கு ஒட்டும் பட்டையில் கடைசி ஊரின் மூன்றெழுத்துக் குறியீடு இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். இரண்டு விமானத்துக்குமான போர்டிங் பாஸையும் அங்கேயே கேட்டு வாங்கிவிடுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் நடுவில் இமிக்ரேஷன் தாண்டி வெளியே போய்ப் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டிவரும். அதற்கு விசாவும் தேவைப்படலாம். முதல் பயணம் போகிற பெரியவர்களுக்கு அப்படி எடுக்காமல் இருப்பது நல்லது.

திரும்பி வரும்போது இன்னொன்று. டெல்லியிலோ மும்பையிலோ இறங்கி உள்நாட்டு விமானம் பிடித்து மதுரைக்கோ சென்னைக்கோ வருவதென்றால், பொதுவாக முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டியை எடுத்துச் சுங்கச் சோதனை முடிக்க வேண்டும். அமெரிக்காவிலும் முதலில் இறங்கும் ஊரில் அப்படித்தான்.

சில விமான நிறுவனங்கள், வேறு நெருக்கமான இணைப்பு இல்லாத டிக்கெட்டுக்கு அவர்கள் செலவிலேயே ஹோட்டல் தருகின்றன. நிபந்தனைகள் உண்டு, முன்கூட்டியே கேட்க வேண்டும். கிளம்புவதற்குச் சில நாள் முன்பே ஃபோன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

உடம்போடு இருக்க வேண்டியது

கைப்பை கூட உங்களை விட்டுப் போகலாம். விமானம் நிறைந்துவிட்டால் கேட் வாசலிலேயே பையை வாங்கி, பட்டை ஒட்டி, சரக்குப் பகுதிக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் வரிசையில் நின்றுகொண்டு பாஸ்போர்ட்டையும் மருந்தையும் தேட முடியாது. குறுக்காகத் தோளில் மாட்டும் சின்னப் பை ஒன்று இதற்காகவே வேண்டும். தூங்கும்போதும் அதைக் கழற்றக் கூடாது.

அதில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட், இரண்டு போர்டிங் பாஸ், மூக்குக்கண்ணாடி, அன்றைய மாத்திரைகள், ஃபோன், கொஞ்சம் டாலர், வெளிநாட்டில் செல்லும்படி வங்கியில் திறந்துவிட்ட ஒரு கார்டு, ஒரு பேனா. பேனா சின்ன விஷயமாகத் தெரியலாம். சுங்கப் படிவமோ வேறு படிவமோ நீட்டும்போது அதன் அருமை தெரியும்.

இதோடு ஒரு தாள். இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். பெரிய எழுத்தில், மேல் பாதி ஆங்கிலத்திலும் கீழ்ப் பாதி தமிழிலும் அச்சடித்து மடித்து வையுங்கள். பயணியின் பெயர், எங்கிருந்து எங்கே போகிறார், அடுத்த விமானத்தின் எண், அது கிளம்பும் உள்ளூர் நேரம், சர்க்கரையோ பிரஷரோ இருந்தால் அது, சாப்பிடும் மருந்துகள், சைவமா என்பது, போய்ச் சேரும் வீட்டின் முகவரி, இரண்டு ஃபோன் எண்கள். ஆங்கிலம் பேசத் தயங்குகிற அம்மா, யாரிடமும் எதுவும் பேசாமல் அந்தத் தாளை நீட்டினால் போதும். கேட் வரை கொண்டுபோய் விடுவார்கள். ஃபோனில் சார்ஜ் தீர்ந்தாலும் தாளில் எழுதியது தீராது.

வீல்சேர் கேட்டிருந்தால், தள்ளிச் செல்பவர் ஒரு காத்திருப்பு இடத்தில் உட்கார வைத்துவிட்டு அடுத்தவரை அழைக்கப் போய்விடுவார். கைப்பை அம்மாவின் மடியிலோ காலடியிலோ இருக்கும்படி, தூக்கச் சுலபமாக இருக்க வேண்டும். கனமான சக்கரப்பெட்டியை விட மெத்தென்ற முதுகுப்பை இதற்கு உதவும்.

மருந்து

ஒரு மாத்திரை கூடப் பெரிய பெட்டிக்குள் போகக்கூடாது என்றுதான் சொல்வேன். ஆறு மாத மருந்தை எடுத்துப் போகிறீர்கள், கைப்பையில் இடம் இல்லை என்றால், குறைந்தது இரண்டு வாரத்துக்காவது கைப்பையில் இருக்கட்டும். பெட்டி தாமதமாக வந்தால் அது தாங்கும்.

மாத்திரைகளை அட்டையிலேயே விடுங்கள். பெயர் தெரிய வேண்டும். டாக்டர் சீட்டில் மருந்தின் வணிகப் பெயர் மட்டும் போதாது, உள்ளே இருக்கும் வேதிப்பெயரும் இருக்கும்படி எழுதி வாங்குங்கள். நம் ஊர் மாத்திரைப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது.

இன்சுலின் போடுகிறவர்கள் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்குப் பகுதியில் அது உறைந்துபோகலாம், உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது. இப்போது போட்டுக்கொண்டிருக்கும் பேனா, பெரும்பாலான வகைகளில், அறை வெப்பத்திலேயே நான்கு வாரம் வரை தாங்கும். ஊசியோடு டாக்டர் கடிதமும் இருந்தால் சோதனையில் சிக்கல் இருக்காது. பக்கத்திலேயே இரண்டு குளுக்கோஸ் பாக்கெட்டோ கடலை மிட்டாயோ இருக்கட்டும்.

மருந்து எந்த நேரத்தில் போடுவது? தோஹா நம்மை விட இரண்டரை மணி நேரம் பின்னால். அமெரிக்கா ஒன்பதரை மணியிலிருந்து பதின்மூன்றரை மணி வரை பின்னால். டாக்டரிடம் கேட்டு, "முதல் விமானத்தில் சாப்பிட்டதும்", "தோஹாவில் தூங்கும் முன்", "இரண்டாம் விமானத்தில் முதல் சாப்பாட்டுக்குப் பிறகு" என்று வேளை வேளையாகப் பிரித்து, தனித்தனி சின்னக் கவரில் அட்டையை வெட்டிப் போட்டு, மேலே தமிழில் எழுதுங்கள். கடிகார மணி போட்டால் குழப்பம்தான் மிஞ்சும். வேளையைச் சொன்னால் அம்மாவுக்குப் புரிந்துவிடும்.

துபாய், அபுதாபி வழியாகப் போய் ஊருக்குள்ளும் தங்குகிறவர்கள் கவனிக்க: ட்ரமடால், கோடீன் கலந்த வலி மாத்திரை, இருமல் மருந்து போன்றவை அங்கே கட்டுப்பாட்டில் உள்ளவை. முன் அனுமதி இல்லாமல் எடுத்துப் போகக் கூடாது.

தூக்கம்

2014-இல் திறந்த தோஹாவின் ஹமத் விமான நிலையம் எனக்குப் பிடித்த இடம். நடுவில் 7 மீட்டர் உயரத்தில் தலையில் விளக்கோடு உட்கார்ந்திருக்கும் மஞ்சள் கரடி பொம்மை இருக்கிறதே, அதை அடையாளமாக வைத்துக்கொண்டால் வழி தவறாது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக அமைதி அறைகள் உண்டு. சாய்ந்து படுக்கும் நாற்காலிகள் இருக்கும். ஆனால் ராத்திரி பதினொன்றுக்கு மேல் இடம் கிடைப்பது சிரமம். இறங்கியதும் வேடிக்கை பார்க்கப் போகாமல் முதலில் இடம் பிடித்துவிட வேண்டும். காசு செலவழிக்கலாம் என்றால் டிரான்சிட் பகுதிக்குள்ளேயே ஹோட்டலும் இருக்கிறது. விசா வேண்டாம், முன்பதிவு செய்துகொள்ள வேண்டும்.

ஏசிக் குளிர் எலும்பைத் துளைக்கும். சென்னை மே மாத வெயிலில் பை கட்டும்போது இதை நம்ப மனம் வராது. ஒரு கம்பளிச் சால்வை, ஒரு ஜோடி சாக்ஸ், காது மறைக்கும் ஸ்கார்ஃப். விமானத்தில் இதைக் கையிலோ தோளிலோ போட்டுக்கொண்டே ஏறிவிடலாம், எடையிலும் சேராது.

இதோடு ஓர் ஈரிழைத் துண்டு. கழுத்துத் தலையணை, கண் மறைப்பு என்று கடையில் விற்கும் பலவற்றுக்கு ஈடாக இந்த ஒரு துண்டைச் சொல்வேன். சுருட்டினால் தலைக்கு வைக்கலாம், மடித்துக் கண்மேல் போட்டால் வெளிச்சம் தெரியாது, முகம் கழுவித் துடைத்துக் கைப்பிடியில் கட்டிவிட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும். டர்க்கி டவல் ஈரத்தோடு பைக்குள் போனால் எல்லாவற்றையும் நனைத்துவிடும்.

செருப்பு சுலபமாகக் கழற்றி மாட்டும்படி, ஒரு சுற்றுத் தளர்வாக இருக்கட்டும். நெடுநேரம் உட்கார்ந்தால் பாதம் வீங்கும். மணிக்கொரு தரம் எழுந்து நடக்கச் சொல்லுங்கள். மாற்று உடுப்பு ஒரு செட் போதும். புடவை கட்டும் அம்மாக்களுக்கும் ராத்திரிக்கு ஒரு காட்டன் சுடிதார் இருந்தால் சௌகரியம். விருப்பமில்லையென்றால் வற்புறுத்த வேண்டாம், பழகிய உடையில்தான் நன்றாகத் தூக்கம் வரும்.

தூங்கும் முன் அலாரம். ஃபோன் ஏர்ப்ளேன் மோடிலேயே இருந்தால் சென்னை நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும். இறங்கியதும் வை-ஃபையில் சேர்த்து, சுவரில் இருக்கும் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பல பெரிய விமான நிலையங்களில் இப்போது ஒவ்வொரு விமானத்துக்கும் ஒலிபெருக்கியில் கூப்பிடுவதில்லை. திரையைப் பார்க்க வேண்டும். கேட் எண்ணும் ராத்திரிக்குள் மாறலாம்.

சாப்பாடும் தண்ணீரும்

மிளகாய்ப் பொடி தடவிய இட்லி, புளியோதரை, சப்பாத்தியோடு வதக்கிய உருளைக்கிழங்கு. இவை பன்னிரண்டு மணி நேரம் தாங்கும், சோதனையிலும் நிற்காது. தயிர்சாதம் நம் உயிர் என்றாலும் தயிர் திரவக் கணக்கில் வரும். சோதனைக்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். ஊறுகாய் பெரிய பெட்டிக்கு. அமெரிக்காவோ ஆஸ்திரேலியாவோ இறங்கும்போது பழமும் மிச்சச் சாப்பாடும் பையில் இருக்கக் கூடாது. இரண்டாம் விமானத்தில் இறங்கும் முன் பையைக் காலி செய்துவிடுங்கள். மூடிய பாக்கெட் உணவு இருந்தால் படிவத்தில் இருக்கிறது என்றே எழுதுங்கள்.

தண்ணீர் பாட்டில் காலியாக வரட்டும். தோஹாவில் இறங்கியதும் டிரான்சிட் பயணிகளுக்கு மறுபடி சோதனை உண்டு. அது முடிந்த பிறகு குழாயில் நிரப்பிக்கொள்ளலாம். சிங்கப்பூர் சாங்கியில் 1, 2, 3 டெர்மினல்களில் சோதனை கேட் வாசலில் நடக்கும். அங்கே ராத்திரி முழுக்கக் குடித்துவிட்டு, கேட்டுக்குள் போகும்போது காலி செய்ய வேண்டும். ஐரோப்பிய விமான நிலையங்களில் பெரும்பாலும் கழிவறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது, காகிதம் மட்டும்தான். பெரியவர்களுக்கு அது பெரிய அவஸ்தை. அதற்கென்று தனியாக ஒரு சின்னக் காலி பாட்டில் வையுங்கள்.

100 மில்லி விதி

2006 ஆகஸ்டில் லண்டனிலிருந்து கிளம்பும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி பிடிபட்ட பிறகு வந்த கட்டுப்பாடு இது. ஒவ்வொரு டப்பாவும் 100 மில்லிக்குள், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளும் ஒளிபுகும் கவருக்குள். பார்ப்பது டப்பாவின் கொள்ளளவை. 150 கிராம் பேஸ்ட் ட்யூபில் அடியில் கொஞ்சம்தான் மிச்சம் என்றாலும் எடுத்துவிடுவார்கள். சின்ன பேஸ்ட், சின்னத் தேங்காய் எண்ணெய், கோடாலித் தைலம், உதட்டுக்கு வாசலின். இவ்வளவு போதும். மருந்துத் திரவங்களுக்கு விலக்கு உண்டு, சீட்டோடு எடுத்துக் காட்ட வேண்டும். கத்தரிக்கோல், பாக்குவெட்டி, பழம் வெட்டும் கத்தி எல்லாம் பெரிய பெட்டிக்கு.

சார்ஜ்

பவர் பேங்கைப் பெரிய பெட்டியில் வைக்கவே கூடாது, கைப்பையில் மட்டும்தான். 100 வாட்-அவருக்குள் இருக்க வேண்டும். மில்லி ஆம்பியர் எண்ணை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் கிடைக்கும். 20,000 என்று போட்டிருந்தால் 74, கவலை இல்லை. எண் அழிந்துபோன பழையதை விட்டுவிட்டுப் போங்கள். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் பூசானில் நின்றிருந்த விமானம் தீப்பிடித்தது. பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள். அந்த ஏப்ரலில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும், அக்டோபரில் எமிரேட்ஸும் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்துவதற்குத் தடை போட்டன. ஆகவே விமான நிலையத்திலேயே ஃபோனுக்கு முழுச் சார்ஜ் ஏற்றிவிட வேண்டும்.

வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் தட்டையான மூன்று கம்பி பிளக். நம் உருண்டைக் கம்பி பொருந்தாது. அடாப்டர் ஒன்று கட்டாயம். துபாய், அபுதாபியில் வாட்ஸ்அப்பில் பேச முடியாது, ஆனால் குரல் செய்தி போகும். அதை அனுப்பப் பழக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் அங்கே பதறுவார்கள், நாம் இங்கே பதறுவோம்.

விட்டுவிட வேண்டியவை

கசகசா. குருமாவுக்கு என்று அம்மாக்கள் மறக்காமல் எடுப்பது இது. ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் இதற்குத் தடை உண்டு. கைதாகும் அளவுக்குப் போகலாம். பெரிய பெட்டியிலும் வேண்டாம். சாங்கியில் இரவைக் கழிப்பவர்கள் 2019-இல் திறந்த ஜூவல் வளாகத்தின் 40 மீட்டர் அருவியைப் பார்க்க ஆசைப்படுவார்கள். அது இமிக்ரேஷனைத் தாண்டி வெளியே இருக்கிறது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற சில நாடுகளின் விசா வைத்திருக்கும் இந்தியர்களுக்கு நிபந்தனையோடு 96 மணி நேரம் விசா இல்லாமல் நுழைய வழி இருக்கிறது. வெளியே போவதென்றால் சூயிங்கமும் இ-சிகரெட்டும் பையில் இருக்கக் கூடாது.

கடைசியாக ஓர் ஒத்திகை

பையைப் பிள்ளைகள் கட்டிக் கொடுப்பது அன்பினால்தான். ஆனால் எது எங்கே இருக்கிறது என்பது கட்டியவர் கைக்குத்தான் தெரியும். அதனால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள், வைப்பது அம்மாவின் கையாக இருக்கட்டும். எந்த ஜிப், எந்தப் பக்கம் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். உங்களுக்கு அது ஒழுங்காகத் தெரியாவிட்டாலும் மாற்றாதீர்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு, "அம்மா, தோஹா மாத்திரையை எடுங்க. கண்ணாடியை எடுங்க. சார்ஜரை எடுங்க. அந்தத் தாளை எடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். தடுமாறினால் பை இன்னும் தயாராகவில்லை. ஏதோ ஒன்று அதிகமாக இருக்கிறது, அதை வெளியே எடுத்துவிட்டு மறுபடி கேளுங்கள். விளக்குப் போடச் சொல்லாமல் நான்கையும் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள் என்றால், நீங்கள் தைரியமாக வழியனுப்பலாம்.

உங்கள் வீட்டில் யாராவது இப்படிக் கிளம்புகிறார்கள் என்றால் இந்தப் பதிவை அச்செடுத்து அவர்களிடம் கொடுங்கள். அவர்களே படிக்க வேண்டும் என்றுதான் தமிழில் இவ்வளவு நீளமாக எழுதினேன்.